வீட்டிலிருக்கும் துப்பாக்கியை என்ன செய்வது?

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம். திருவருகைக் காலம், முதல் ஞாயிறு, முதல் ஆண்டு. வாசகங்கள்: எசாயா 2:1-5, உரோமையர் 13:11-14, மத்தேயு 24:37-44)



இன்றைய மூன்று வாசகங்களையும் வரிசையாக வைத்துப் பார்த்தால், மூன்றிலும் ஆயுதமும் காவலும் வருகின்றன. ஆண்டவரின் மலைக்கு எல்லா நாட்டு மக்களும் ஏறிவருவதையும், அங்கே அவர்கள் தங்கள் வாளையும் ஈட்டியையும் அடித்து உழவுக் கருவிகளாக மாற்றிக்கொள்வதையும் எசாயா காண்கிறார். பகல் நெருங்கிவிட்டது, ஒளிக்கு உரிய படைக்கலத்தை அணிந்துகொள்ளுங்கள் என்கிறார் பவுலடியார். நற்செய்தியிலோ, திருடன் வரும் நேரம் தெரிந்திருந்தால் வீட்டுக்காரர் தூங்கியிருக்கமாட்டார் என்று ஆண்டவர் இயேசு சொல்கிறார். வாள், படைக்கலம், திருடன், காவல். ஆகவே இன்று நாம் கோயிலில் பொதுவாகப் பேசாத ஒரு பொருளைப் பற்றிப் பேசுவோம். வீட்டில் இருக்கும் துப்பாக்கியைப் பற்றி.

"எங்கள் வீட்டில் அரிவாள்மனைதான் ஃபாதர் இருக்கிறது, துப்பாக்கி எங்கே இருக்கிறது?" என்று நீங்கள் சிரிக்கலாம். காஞ்சிபுரம் பக்கம் தறிச் சத்தம் கேட்ட வீடுகள்தாம் அதிகம். ஆனாலும் உரிமம் பெற்ற துப்பாக்கி உள்ள வீடுகள் நம் நடுவிலும் இருக்கின்றன. பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று, சொந்தத் துப்பாக்கியோடு வங்கி வாசலிலும் பணம் ஏற்றிச் செல்லும் வண்டியிலும் காவல் நிற்பவர்களை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். அவர்கள் வேலை முடிந்து அந்தத் துப்பாக்கியோடுதான் வீட்டுக்குப் போகிறார்கள். பீரோவுக்குள் அது தூங்குகிறது. அதே அறையில் பேரப்பிள்ளைகளும் தூங்குகிறார்கள்.

அப்படிப்பட்ட ஒரு பெரியவர், முன்னாள் படைவீரர், அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அவர் யார், எந்த ஊர் என்பது வேண்டாம். ஓய்வு பெற்றபோது கையில் வந்த பணத்தில் ஒரு 12 போர் பம்ப் துப்பாக்கி வாங்கியிருக்கிறார். குழலுக்கு அடியில் இருக்கும் கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். அதுதான் பம்ப் துப்பாக்கி. நம் திருச்சியில் உள்ள அரசுத் துப்பாக்கித் தொழிற்சாலையிலும் இந்த வகை செய்கிறார்கள். இருபது ஆண்டுக்கு மேல் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு காவல் நின்றிருக்கிறார். ஒருமுறைகூட ஒரு மனிதனை நோக்கி அதை நீட்டவேண்டிய நிலை வரவில்லை. அதற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார்.

இப்போது அவருக்கு வயதாகிவிட்டது. துப்பாக்கிக்கும் வயதாகிவிட்டது. கட்டையில் கீறல், குழலில் நிறம் போய்விட்டது. மைத்துனர் ஒருவர் சொல்கிறாராம்: "மாமா, குழலைக் கொஞ்சம் வெட்டிச் சின்னதாக்கி, மரக்கட்டையை எடுத்துட்டுப் பிளாஸ்டிக் பிடி போட்டுட்டா சினிமாவில் வர்ற மாதிரி இருக்கும். பெரிய ஆளுங்களுக்குப் பாதுகாப்புக்குப் போகலாம், நல்ல சம்பளம்." மகன் சொல்கிறானாம்: "வித்துத் தொலைச்சிடுங்கப்பா." பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஃபாதர், இதை மாத்தி வெச்சுக்கலாமா, வித்துடலாமா? எது சரி?"

அவரோடு வந்திருந்த அவர் மனைவி அதுவரை பேசவில்லை. அப்போது ஒன்று சொன்னார்: "துப்பாக்கி பீரோவில் இருக்கு ஃபாதர். தோட்டாவை நான்தான் வேற இடத்தில் ஒளிச்சு வெச்சிருக்கேன். எங்கேன்னு இவருக்கே அடிக்கடி மறந்துபோகும். பேரன் நடக்க ஆரம்பிச்சதிலிருந்து மூணு தடவை இடம் மாத்திட்டேன்."

இது துப்பாக்கி உள்ளவர்களுக்கு மட்டும் உரிய கேள்வி என்று நினைக்காதீர்கள். நம் கையில் இருக்கும் வலிமையை என்ன செய்வது என்பது எல்லாருக்கும் உள்ள கேள்விதான். அதனால் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். காவலுக்காக ஆயுதம் ஏந்துவதே பாவம் என்று திருச்சபை சொல்லவில்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2263 முதல் 2265 வரை உள்ள எண்களில் இதை விளக்குகிறது. தன் உயிரைக் காத்துக்கொள்வது மனிதனுக்கு உரிமை. பிறருடைய உயிருக்குப் பொறுப்பேற்றவருக்கோ அது கடமையாகவும் ஆகலாம். ஆனால் இந்த உரிமைக்கு ஓர் அளவு உண்டு. 13ஆம் நூற்றாண்டிலேயே புனித தாமஸ் அக்குவினாஸ் அந்த அளவை வரையறுத்துவிட்டார். தற்காப்புக்குத் தேவையானதைவிட அதிகமான வன்முறையைக் கையாண்டால் அது நேர்மையான தற்காப்பு ஆகாது என்கிறார் அவர். விடுதலைப் பயண நூலிலும் இதே அளவுகோல் உண்டு. இருட்டில் சுவரை உடைத்து நுழையும் திருடன் அடிபட்டுச் செத்தால் இரத்தப்பழி இல்லை. பொழுது விடிந்த பிறகு அடித்துக் கொன்றால் பழி உண்டு என்று 22ஆம் அதிகாரம் சொல்கிறது. வெளிச்சத்தில் ஆளைப் பார்க்கலாம், பக்கத்து வீட்டாரைக் கூப்பிடலாம், கொல்லாமல் தடுக்கலாம். வழி இருக்கும்போது கொல்வது குற்றம்.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு முதல் யோசனையைப் பார்ப்போம். துப்பாக்கியை மாற்றலாமா?

மாற்றுவது என்றாலே கெட்டது என்று சொல்ல முடியாது. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். நம் நெசவாளர்கள் பழைய குழித்தறியின் மேல் ஜக்கார்டு பெட்டியை ஏற்றினார்கள். முன்பு அடை போட்டு நூலைத் தூக்கி நெய்த பூ வேலையை, துளை போட்ட அட்டைகளைக் கொண்டு நெய்தார்கள். தறி மாறியது, அதில் இறங்குவது அதே சேலைதான். எதற்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையை இன்னும் நன்றாகச் செய்வதற்கான மாற்றம் அது.

துப்பாக்கியின் குழலை வெட்டினால் என்ன நடக்கிறது? குறி பார்த்துச் சுடுவது எளிதாகிறதா? இல்லை. மறைத்து எடுத்துச் செல்வது எளிதாகிறது. காவல் நிற்பவருக்கு மறைக்க என்ன இருக்கிறது? அவர் துப்பாக்கி எல்லாருக்கும் தெரியவேண்டும் என்பதுதானே காவலின் நோக்கம்! மறைத்துக் கொண்டுபோக விரும்புகிறவன் வேறு வேலைக்குப் போகிறவன். அதனால்தான் நம் நாட்டுச் சட்டமும் இதில் கண்டிப்பாக இருக்கிறது. 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், 6ஆம் பிரிவு, தனி உரிமம் இல்லாமல் துப்பாக்கியின் குழலைக் குறைக்கக் கூடாது என்கிறது. ஒரு வகைத் துப்பாக்கியை வேறு வகையாக மாற்றுவதையும் 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அதே பிரிவில் சேர்த்தது. மீறினால் குறைந்தது 7 ஆண்டு சிறை. ஆயுள் வரைக்கும் போகலாம். துப்பாக்கி வைத்திருக்க உரிமம் இருக்கிறது என்பதால் அதை வெட்டிக்கொள்ளவும் உரிமம் இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தெரிந்த பட்டறையில் கொடுத்துப் பிடியை மாற்றிக்கொள்ளலாம் என்றும் நினைக்கவேண்டாம். துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே அதற்கென உரிமம் பெற்றவரிடம்தான் போகவேண்டும்.

சட்டம் இருக்கட்டும். விவிலியம் என்ன சொல்கிறது? எசாயா கண்ட அந்தக் காட்சி மீக்கா நூலிலும் 4ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஆயுதம் கருவியாக மாறும் காட்சி. ஆனால் யோவேல் நூல், 3ஆம் அதிகாரம், 10ஆம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். அங்கே நேர் எதிர்த் திசையில் ஓர் அழைப்பு கேட்கிறது. கலப்பைக் கொழுவை அடித்து வாளாக்கு, அரிவாளை ஈட்டியாக்கு என்கிற போர் முழக்கம் அது. ஒரே இரும்பு, ஒரே உலை, ஒரே சம்மட்டி. திசை மட்டும் வேறு. நெருப்பில் வைத்த இரும்பு எந்தப் பக்கமும் வளையும். ஆகவே "மாற்றலாமா?" என்று கேட்பவர், "எந்தத் திசையில் மாற்றுகிறேன்?" என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

பெரியவரின் துப்பாக்கி இருபது ஆண்டாக வங்கி வாசலில் நின்ற துப்பாக்கி. அதை வெட்டிச் சிறிதாக்கி, பார்த்தவுடன் பயம் வரும்படி செய்து, யாரோ ஒரு பெரிய மனிதரின் பின்னால் ஓடவிட்டால், அது பொதுமக்களின் பணத்துக்குக் காவலாக இருந்த நிலையிலிருந்து ஒருவருடைய மிரட்டலுக்குத் துணையாகிவிடுகிறது. அக்குவினாஸ் சொன்ன அளவைத் தாண்டிவிடுகிறது. அதனால் நான் அவரிடம் தயங்காமல் சொன்னேன்: "ஐயா, அதை வெட்டாதீர்கள். அழகு பார்க்கவும் வேண்டாம், பயம் காட்டவும் வேண்டாம்."

இங்கே சிலர் கேட்பார்கள், "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? துப்பாக்கி என்ன செய்யும் ஃபாதர், மனுஷன்தானே சுடுகிறான்?" சரிதான். பழி மனிதனுக்குத்தான். ஆனால் அம்பு கையில் இல்லாவிட்டால் எய்தவன் அந்த ஒரு நிமிடக் கோபத்தைத் தாண்டியிருப்பான். குடித்துவிட்டு வந்த இரவிலும், அண்ணன் தம்பி பாகத் தகராறிலும், மனம் உடைந்து "இனி ஏன் இருக்கணும்" என்று ஒருவர் தனியாக உட்கார்ந்திருக்கும் மதியத்திலும், பீரோவுக்குள் என்ன இருக்கிறது என்பது மிகவும் முக்கியம். அந்தத் தாய் தோட்டாவை மூன்று முறை இடம் மாற்றியது வீண்பயத்தால் அல்ல. நற்செய்தியில் சொல்லப்பட்ட விழித்திருக்கும் வீட்டுக்காரர் அந்த வீட்டில் அவர்தான்.

இப்போது இரண்டாவது யோசனை. விற்றுவிடலாமா?

விற்றுவிட்டால் என் கையைவிட்டுப் போய்விடும், என் பொறுப்பு தீர்ந்தது என்று தோன்றும். இதற்கு விவிலியத்தில் ஒரு கதை உண்டு. நாம் அதிகம் கேட்காத கதை. தாவீது கோலியாத்தை வென்றது நம் ஞாயிறு மறைக்கல்விப் பிள்ளைகளுக்கும் தெரியும். கோலியாத்தின் வாள் பிறகு என்ன ஆயிற்று? சாமுவேல் முதல் நூல், 21ஆம் அதிகாரம் சொல்கிறது. அது நோபு என்னும் ஊரில், ஆண்டவரின் தூயகத்தில், துணியில் சுற்றி, ஏபோதுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருந்தது. வெற்றியின் நினைவுப் பொருளாகப் பத்திரமாக இருந்தது. சவுலுக்குப் பயந்து ஓடிய தாவீது அங்கே வருகிறார். அரசரின் அவசர வேலையாக வந்ததாக ஒரு பொய் சொல்கிறார். குரு அகிமெலக்கு அவரை நம்பி அப்பத்தையும் கொடுக்கிறார், அந்த வாளையும் எடுத்துக் கொடுக்கிறார். எதற்கு என்று அழுத்திக் கேட்கவில்லை. தோயேகு என்பவன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். போய்ச் சவுலிடம் சொன்னான். அகிமெலக்கு தாவீதுக்கு வாள் கொடுத்தார் என்பது குற்றச்சாட்டாக ஆனது. முடிவில் 85 குருக்கள் ஒரே நாளில் வெட்டுண்டார்கள். ஊர் முழுவதும் அழிந்தது. தப்பி வந்த அபியத்தாரிடம் தாவீது, உன் குடும்பத்தாரின் சாவுக்கு நானே காரணம் என்று ஒப்புக்கொள்கிறார்.

பாருங்கள், அந்த வாள் அன்று யாரையும் வெட்டவில்லை. கைமாறியது, அவ்வளவுதான். ஆனாலும் கொடுத்தவர் வீட்டில் ஒப்பாரி. ஓர் ஆயுதம் கைமாறும்போது, கொடுப்பவர் "யாருக்கு, எதற்கு" என்று கேட்டே ஆகவேண்டும் என்பதை இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது.

லொயோலா இஞ்ஞாசியாரின் வாழ்க்கையில் இதற்கு இணையான ஒரு நிகழ்ச்சி உண்டு. போரில் கால் முறிந்து மனம் மாறிய அந்தப் படைவீரர், 1522ஆம் ஆண்டு மார்ச் மாதம் மோன்செராத் மலைக்குப் போனார். தன் வாளையும் குத்துவாளையும் அன்னை மரியாவின் பீடத்தருகே தொங்கவிட்டார். ஏறி வந்த கோவேறு கழுதையை மடத்துக்குக் கொடுத்தார். உயர்ந்த உடைகளைக் கழற்றி ஓர் ஏழைக்குக் கொடுத்துவிட்டு, சாக்குத்துணி உடுத்திக்கொண்டு இரவு முழுவதும் விழித்திருந்து செபித்தார். இதுவரை நாம் அறிந்ததுதான். மறுநாள் நடந்ததைப் பலர் அறியமாட்டார்கள். இஞ்ஞாசியாரின் பின்னால் ஓர் ஆள் ஓடிவந்து, "ஓர் ஏழைக்கு நீங்கள் உடை கொடுத்தது உண்மையா?" என்று கேட்கிறார். அந்த ஏழை அதைத் திருடிவிட்டதாகச் சொல்லி அவனைப் பிடித்து வைத்திருந்தார்கள். "நான்தான் கொடுத்தேன்" என்று சொன்ன இஞ்ஞாசியாரின் கண்கள் கலங்கின. நல்ல மனத்தோடு கொடுத்ததுதான். ஆனால் கொடுத்தது யாருக்கும் தெரியாததால், வாங்கியவன் அடிபட்டான். வெறும் துணிக்கே இப்படி என்றால் துப்பாக்கிக்கு எப்படி இருக்கும்?

அதனால்தான் சட்டம் இங்கே ஒரு படி வைத்திருக்கிறது. அதைச் சிவப்பு நாடா என்று சலித்துக்கொள்ள வேண்டாம். உரிமம் உள்ள ஒருவர் தம் சொந்தத் துப்பாக்கியை, வைத்திருக்கச் சட்டப்படி தகுதி உள்ள இன்னொருவருக்கு விற்கலாம். ஆனால் விற்கப்போகிறேன் என்பதையும், வாங்குபவரின் பெயர், முகவரியையும், மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ முன்கூட்டியே எழுத்தில் தெரிவிக்கவேண்டும். தெரிவித்து 45 நாள் ஆன பிறகே கைமாற்றவேண்டும். படைக்கலச் சட்டத்தின் 5ஆம் பிரிவு இதைச் சொல்கிறது. அந்த 45 நாளில் அதிகாரிகள் விசாரிக்கலாம். நாமும் விசாரிக்கலாம். வாங்குபவர் குடிப்பவரா, வீட்டில் சண்டை உண்டா, நிலத் தகராறு இருக்கிறதா என்று கேட்பதில் தவறே இல்லை. பெண் கொடுக்கும்போது விசாரிக்கிறோம், வீடு வாடகைக்கு விடும்போது விசாரிக்கிறோம். இதற்கும் விசாரியுங்கள். மனத்துக்குச் சரியாகப் படவில்லை என்றால், அவர் எவ்வளவு பணம் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். உரிமம் இல்லாதவனுக்கு, "சும்மா தோப்புக் காவலுக்கு" என்று கேட்டாலும், ஒரு நாளைக்குக்கூடக் கொடுக்காதீர்கள். நல்ல ஆள் கிடைக்கவில்லையா? உரிமம் பெற்ற துப்பாக்கி வியாபாரியிடம் கொடுக்கலாம். காவல் நிலையத்தில் ஒப்படைத்து உரிமத்தையும் முடித்துக்கொள்ளலாம். அதில் பணம் குறையும், இரவில் தூக்கம் கூடும்.

மூன்றாவதாக ஒரு வழி உண்டு. ஒன்றும் செய்யாமல் அப்படியே பீரோவில் விட்டுவிடுவது. உண்மையில் நம்மில் பலர் எடுக்கும் முடிவு இதுதான். முடிவு எடுக்காமலே எடுத்த முடிவு. பெரியவர் ஒருநாள் ஆண்டவரிடம் போய்விடுவார். துப்பாக்கி வீட்டில் இருக்கும். உரிமம் அவர் பெயரில் இருந்தது, அவரோடு போய்விட்டது. அப்போது அது சட்டப்படி வைத்திருக்கக் கூடாத பொருள். உடனே காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்கவேண்டும். கண்ணீரோடு இருக்கும் விதவைத் தாய்க்கு இது எப்படித் தெரியும்? பிள்ளைகளுக்குத் தெரியுமா? தெரியாமல் வைத்திருந்தாலும் வழக்கு வழக்குதான்.

உயிரோடு இருக்கும்போதே ஏற்பாடு செய்ய வழி இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் படைக்கல விதிகளின்படி, உரிமக்காரருக்கு 70 வயது ஆனாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தம் வாரிசு ஒருவர் பெயருக்கு உரிமம் கேட்கலாம். கேட்கலாம் என்பதால் கேட்டே ஆகவேண்டும் என்று இல்லை. மகனுக்கு அது உண்மையிலேயே தேவையா, அவனுக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்று பார்த்துத்தான் கேட்கவேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது. முன்பு மூன்று வரை அனுமதி இருந்தது. தாத்தா சொத்து என்றாலும் அந்த எண்ணிக்கைக்குள்தான்.

தாத்தா சொத்து என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. சில குடும்பங்களில் பழைய வேட்டைத் துப்பாக்கி பெருமைக்காக இருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு அந்த வேட்டைக்கு இடமில்லை. நம் பக்கத்து வேடந்தாங்கலை எண்ணிப் பாருங்கள். வெள்ளைக்கார வீரர்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டபோது, ஊர் மக்கள் கையில் துப்பாக்கி இல்லை. அவர்கள் அன்றைய செங்கற்பட்டுக் கலெக்டர் லயோனல் பிளேசிடம் போய் முறையிட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், பறவைகளைச் சுடக் கூடாது என்ற ஆணையை வாங்கினார்கள். துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பெயர் யாருக்கும் நினைவில்லை. பறவைகள் இன்றும் வருகின்றன. தாத்தாவின் பெருமையைக் காப்பாற்ற அவர் துப்பாக்கிதான் வேண்டும் என்பதில்லை.

சரி, இவ்வளவும் சொன்ன பிறகு பெரியவர் ஒன்று கேட்டார். அதற்குப் பதில் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. "வித்துட்டா நாளைக்கு வேலை போயிடும் ஃபாதர். துப்பாக்கியோட நிக்கிறவனுக்கு ஒரு சம்பளம், வெறுங்கையோட நிக்கிறவனுக்கு ஒரு சம்பளம். வயசான காலத்தில் எனக்கு யார் வேலை குடுப்பாங்க?"

அன்பர்களே, இந்தக் கேள்வி அவருக்கு மட்டும் உரியது அல்ல. நமக்கும் உரியது. ஆயுதத்தை விட்டுவிடு என்று கோயிலில் நின்று சொல்வது எளிது. விட்டவனுக்குச் சோறு எங்கே என்று கேட்டால் நாம் தலை குனிந்துகொள்கிறோம். எசாயாவின் காட்சியை மறுபடி பாருங்கள். அங்கே வாளைப் பறித்து எறிந்துவிடவில்லை. வாள் போன கையில் கலப்பை இருக்கிறது. அதாவது, பிழைப்பு இருக்கிறது. கலப்பை கொடுக்காமல் வாளைக் கேட்பது பாதி நற்செய்தி.

இதை உண்மையாகவே செய்து காட்டியவர்கள் உண்டு. ஆப்பிரிக்காவின் மொசாம்பிக் நாட்டில் 16 ஆண்டு உள்நாட்டுப் போர் நடந்தது. உரோமையில் உள்ள சான் எஜிதியோ என்னும் கத்தோலிக்கப் பொதுநிலையினர் அமைப்பின் முயற்சியால், 1992 அக்டோபர் 4, புனித அசிசி பிரான்சிசு திருநாளன்று, உரோமையிலேயே அமைதி ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒப்பந்தம் வந்துவிட்டது, ஆனால் மண்ணுக்கு அடியிலும் கூரைக்குள்ளும் துப்பாக்கிகள் இருந்தன. 1995ஆம் ஆண்டு, ஆங்கிலிக்கன் ஆயர் தினிஸ் செங்குலானேயின் முயற்சியில், அந்நாட்டுக் கிறிஸ்தவ மன்றம் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. துப்பாக்கியைக் கொண்டுவந்து கொடுத்தால், பதிலுக்கு மண்வெட்டி, மிதிவண்டி, தையல் இயந்திரம் கிடைக்கும். வந்த துப்பாக்கிகளைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். அந்தத் துண்டுகளைச் சேர்த்து ஒரு கலைஞர் செய்த நாற்காலி இன்று இலண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குழலை வெட்டுவது என்றால் இப்படி வெட்டவேண்டும். அந்த வெட்டுக்குப் பிறகு துப்பாக்கி மீண்டும் சுடாது.

நாம் மண்வெட்டியும் தையல் இயந்திரமும் கொடுக்கத் தேவையில்லை. நம்மில் பள்ளி நடத்துபவர்கள் இருக்கிறார்கள். மருத்துவமனை, திருமண மண்டபம், பட்டுக் கடை, கிடங்கு நடத்துபவர்கள் இருக்கிறார்கள். ஏனாத்தூரைச் சுற்றிக் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அங்கெல்லாம் இரவுக் காவலுக்கு ஆள் வேண்டும். நற்செய்தியில் ஆண்டவர் வீட்டுக்காரரைப் பற்றிச் சொன்னபோது, அவர் கையில் என்ன இருந்தது என்று சொல்லவே இல்லை. விழித்திருந்தார் என்றுதான் சொன்னார். காவல்காரரின் பெரிய ஆயுதம் திறந்த கண். இருபது ஆண்டு ஒரு நாளும் தூங்காமல், ஒரு நாளும் கோபத்தில் கையை ஓங்காமல் நின்ற ஒருவரைவிட நல்ல காவல்காரர் நமக்கு எங்கே கிடைப்பார்? அவருக்குக் கொடுக்கும் சம்பளம் அவர் துப்பாக்கிக்கா, அவர் நேர்மைக்கா? வெறுங்கையோடு நிற்பவருக்கும் குடும்பம் நடத்தும் அளவுக்குக் கூலி கொடுப்போம். அதுதான் நம் பக்கத்துக் கலப்பை.

பேதுரு கெத்சமனித் தோட்டத்தில் வாளை உருவி, மால்குவின் காதை வெட்டினார். ஆண்டவர் அவரிடம் வாளை உறையில் போடச் சொன்னார். பிறகு அந்தக் காதைத் தொட்டுக் குணமாக்கினார் என்கிறது லூக்கா நற்செய்தி. உறையில் போடுவது முதல் படி. சட்டத்தை மதித்து, பூட்டி வைத்து, அளவோடு நடப்பது அந்தப் படி. எசாயாவின் கலப்பை கடைசிப் படி. ஒரே நாளில் கடைசிப் படிக்கு ஏறிவிட நம்மால் முடியாமல் இருக்கலாம். ஆனால் இறங்கக் கூடாது. உறையில் இருப்பதைக் கூர்தீட்டுவது இறங்குவது. யாருக்கு என்று பார்க்காமல் கைமாற்றுவதும் இறங்குவதுதான்.

1752 ஜனவரி 14 அன்று, ஆரல்வாய்மொழிக்கு அருகே காற்றாடிமலையில், நம் புனித தேவசகாயம் துப்பாக்கியால் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது. அந்த மலைக்கு இன்று மக்கள் போகிறார்கள், அவர் மண்டியிட்ட இடத்தில் செபிக்கிறார்கள். சுட்ட துப்பாக்கி என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. நிலைத்து நின்றது மண்டியிட்டவரின் நம்பிக்கை.

இந்தத் திருவருகைக் காலத்தில், துப்பாக்கி உள்ளவர்கள் குடும்பத்தோடு உட்கார்ந்து ஒரு முடிவு எடுங்கள். முக்கியமாக வீட்டுப் பெண்களைக் கேளுங்கள். துப்பாக்கி இல்லாதவர்கள், உங்கள் கையில் உள்ள வலிமையைப் பாருங்கள். நாக்கு, பணம், பதவி, கைப்பேசியில் யாரையும் கிழித்துப் போடும் விரல் என்று ஒவ்வொருவரிடமும் ஒன்று இருக்கிறது. அதை எந்தத் திசையில் மாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று பார்ப்போம்.

செபிப்போம். அமைதியின் அரசராம் ஆண்டவரே, நீர் வரும்போது எங்கள் வீடுகளில் பயம் பூட்டி வைக்கப்பட்டிருப்பதை நீர் காணவேண்டாம். காவல் நிற்பவர்களைக் காத்தருளும். அவர்களுக்குத் தகுந்த கூலியையும் அமைதியான முதுமையையும் தாரும். கோபத்தில் ஆயுதத்தைத் தேடும் கைகளைப் பிடித்து நிறுத்தும். மனம் உடைந்தவர்களின் அருகில் ஒருவரையாவது அனுப்பும். எங்களுக்கு ஒளியின் படைக்கலத்தை அணிவித்து, உம் மலைக்கு ஏறிவரும் பாதையில் எங்களை நடத்தியருளும். ஆமென்.